நானூற்று முப்பத்தேழு கிராம்

ஆறு இருபதுக்குச் சூரியன் இறங்கும். இறங்கினால் தேடுதலும் நிற்கும். இப்போது மணி நாலு பத்து.

"மூணு நாள் தேடியாச்சும்மா." மேசைமேல் கிடந்த தொலைபேசியின் ஒலிபெருக்கியில் தேடுதல் அதிகாரியின் சலிப்பு அறை முழுவதும் கேட்டது. "உங்க தம்பி விமானத்துல இருந்த பெட்டி புத்தம் புதுசு. சோதிச்சுப் பார்த்தேன், வேலை செய்யுதுன்னு மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருக்கார். புதுப் பெட்டி தானா ஊமையாகாது. கிளம்பின நிமிஷத்துல இருந்து ஒரு சத்தம்கூட வரலைன்னா, அவரே அணைச்சிட்டார்னுதான் அர்த்தம்."

"அவன் எதுக்குங்க அணைக்கணும்?"

"உள்ளே விலை கூடின மருந்து இருந்துச்சில்ல. எங்கே போறோம்னு தெரியக் கூடாதுன்னு நினைச்சா அணைப்பாங்க. நான் சொல்லலை, மேலே இருக்கிறவங்க சொல்றாங்க. இன்னிக்கு இருட்டினதும் நிறுத்தச் சொல்லி உத்தரவு."

தொலைபேசி ஓய்ந்தது. அக்கா, ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டியிருந்த தையல் அங்குஸ்தானைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். சிறிய விமானங்களின் இறக்கைக்குத் துணி தைத்துப் போர்த்துவது அவள் தொழில். மருந்துப் பெட்டிகளை மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகும் தம்பியின் விமானத்துக்கும் அவள்தான் தைத்தாள். மூன்று நாளுக்கு முன் காலையில் கிளம்பிய தம்பி எங்கும் இறங்கவில்லை. ஓடிப்போனவன் என்று இப்போது பேரும் வைத்துவிட்டார்கள்.

"அழுவுறதுன்னா அழுதுடுங்க," என்றார், அக்கா உதவிக்குக் கூப்பிட்டு வந்து எதிரே நின்றிருந்த அம்மையார். "ரெண்டு நிமிஷம் தர்றேன். அதுக்கு மேல நம்மகிட்ட நேரம் இல்லை."

அவரை எல்லோரும் தராசு என்பார்கள். கடை கடையாக ஏறி எடைக்கற்களைச் சோதிக்கும் அரசு வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கற்களை விட்டுவிட்டு மனிதர்களைச் சோதிக்கிறார். கூடவே இருக்கும் உதவியாளன் வால். கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பைத் தொலைத்தவன். வயது நாற்பத்தைந்து ஆனாலும் வாய்க்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை.

"அழுதா நேரம் போயிடும் மேடம்," என்றாள் அக்கா. "கேளுங்க."

"உங்க தம்பி என்ன பெட்டி வாங்கினாரு? எப்படி வாங்கினாரு?"

அக்கா மேசையைக் காட்டினாள். மேசை முழுக்க அட்டை. சின்னதும் பெரியதுமாக வெட்டி ஒட்டிய அட்டைப் பெட்டிகள், விலைப்பட்டியல் புத்தகங்கள், ஒரு அடிக்கோல்.

"இது என்னங்க, பொம்மைக் கல்யாணமா?" என்று வால் ஒன்றைத் தூக்கினான்.

"டிரான்ஸ்பாண்டர். நான் இன்ன விமானம், இந்த இடத்துல இருக்கேன்னு நொடிக்கு ஒருதரம் வானத்துல கத்துற பெட்டி. வர்ற ஒண்ணாம் தேதியில இருந்து அது இல்லாத விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாதுன்னு சட்டம். ரெண்டு மாசமா என் தம்பிக்கு இதே பேச்சு. சோறு ஒரு கையில, அடிக்கோல் ஒரு கையில. கடையில இருக்கிற பெட்டி ஒவ்வொண்ணையும் அதே அளவுல அட்டையில செஞ்சு, தூக்கிட்டுப் போய் விமானத்துல வச்சு வச்சுப் பார்ப்பான்."

தராசு முதல் அட்டையை எடுத்தார். நீளமான பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"இது உள்ளே போகலை. பின்னால எதுலயோ முட்டியிருக்கு."

"எண்ணெய்க் குழாய்," என்றாள் அக்கா.

இரண்டாவது நசுங்கவில்லை. ஆனால் அதன் நெற்றியில் பென்சிலால் எழுதியிருந்தது. வால் எழுத்துக் கூட்டிப் படித்தான். அவனுக்குப் படிப்பு வந்தது முப்பது வயதுக்கு மேல். எதையும் ஒரே பார்வையில் விழுங்க மாட்டான். ஒவ்வொரு எழுத்தாக மென்றுதான் இறக்குவான். "பா...ட்டரி...யைக் கு...டிச்சிடும். ஓகோ. எங்க மாமன் மாதிரி."

"மூணாவது எங்கே?" என்றார் தராசு.

"அதுக்கு அட்டை தேவைப்படலை மேடம். அதுதான் இருக்கிறதிலேயே சின்னது. முகம் தீப்பெட்டி மாதிரி. அது முன்னால பலகையில உட்காரும். உடம்பு தனியா, சீட்டுக்கு அடியில. பலகையில ஒரு பழைய கடிகாரம் இருந்துச்சு. அதைக் கழட்டிட்டா அந்த வட்ட ஓட்டையிலயே முகம் பொருந்திடும். பாட்டரியையும் அவ்வளவா இழுக்காது." அக்காவின் குரல் இறங்கியது. "அதை வாங்குடான்னு சொன்னதே நான்தான். இவ்வளவு சின்னதா இருக்கே, இதோட சத்தம் எட்டுமான்னு கேட்டான். எட்டும்டான்னு சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? தைக்கத்தான் தெரியும். சொன்ன வாயைத் தைச்சிருக்கலாம்."

தராசு புத்தகத்தில் அந்தச் சின்னப் பெட்டியின் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். பழைய பழக்கம், கண் நேராக எடைக்குத்தான் போயிற்று. நானூற்றுப் பத்து கிராம். பக்கங்களுக்கு நடுவே ஒரு படிவம் மடித்துச் செருகியிருந்தது. வாங்குபவர் நிரப்ப வேண்டிய ஆர்டர் படிவம். தம்பி எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தான். அதோடு விற்பவர்களின் கடிதம் ஒன்று: சட்டம் வருவதால் எல்லோரும் கேட்கிறார்கள், இன்று ஆர்டர் கொடுத்தால் பெட்டி கிடைக்கப் பதினொரு வாரம் ஆகும், மன்னிக்கவும்.

"பெட்டியை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. ரெண்டு வாரம் முன்னாடி மெக்கானிக் மாட்டினான். கடிகாரம் இருந்த ஓட்டையில கச்சிதமா உட்கார்ந்திருந்துச்சு."

"ஆர்டர் படிவம் இங்கே இருக்கு. அனுப்பவே இல்லை. பதினொரு வாரம் காத்திருக்கணும்னு கடுதாசி இருக்கு. ஆனா பெட்டி மட்டும் ரெண்டு வாரம் முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கு." தராசு படிவத்தை இன்னொரு முறை அடிவரை படித்தார். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: விமானத்தின் அடையாள எண்ணைப் பிழையின்றி எழுதவும், அதைப் பெட்டிக்குள் பதித்தே அனுப்புவோம்.

அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வால், வண்டியை எடு."

"எங்கே மேடம்?"

"கையெழுத்துப் போட்டவன்கிட்ட."

வேன் சாலையின் பள்ளம் ஒன்றையும் விடவில்லை. பின்சீட்டில் அக்கா கண்ணாடி வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சும்மா இருக்க முடியாத வால் ஆரம்பித்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். பொண்டாட்டிகிட்ட எங்கே இருக்கேன்னு சொல்லாம போகத்தானே மனுஷன் ரெக்கையைக் கண்டுபிடிச்சான்? அதுலயும் பெட்டியை வச்சுட்டானுங்களே."

"வாயை மூடு. பின்னால யார் இருக்காங்கன்னு தெரியுதில்ல?"

"பேசட்டும் மேடம்," என்றாள் அக்கா, கண்ணாடியைவிட்டுத் திரும்பாமல். "யாரும் பேசலைன்னா எனக்கு அவன் விமானச் சத்தம் கேக்குது."

வால் வேகத்தைக் கூட்டினான்.

ஓடுபாதையின் ஓரம் தகரக் கொட்டகை. கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. போகிறவர் வருகிறவரைக் குறித்துக்கொள்ள ஆளும் கிடையாது. உள்ளே பதினொரு சின்ன விமானங்கள், மூக்கோடு மூக்கு உரச, சட்டத்துக்குப் பயந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் கம்பிகள் தொங்கின. நடுவே, காதில் பென்சில் செருகிய மெக்கானிக், கண் சிவந்து நின்றான். மணி நாலே முக்கால்.

"அக்கா..." என்று ஓடிவந்தான். "ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்," என்றார் தராசு. "இவங்க தம்பிக்கு மாட்டின பெட்டி புதுசா?"

"புதுசு மேடம். யாரோ ஆர்டர் கொடுத்துட்டு வேணாம்னுட்டாங்க, அதான் சீக்கிரம் கிடைச்சுது. சீல் உடைச்சதே நான்தான்."

"சீலோட கடுதாசி, உறை, ஏதாவது?"

"குப்பையில போயிருக்கும்."

"எந்தக் குப்பை?" என்றான் வால். "சொல்லுங்க, புரட்டிடுறேன். என் கை பார்க்காத குப்பையா?"

மெக்கானிக் அவனை முறைத்தான். தராசு அதற்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் நெடுக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு விமானத்தின் பெயர், அதற்குக் கீழே நீளமான தாள். மூலையில் ஒரு எடைபோடும் இயந்திரம், அழுக்கே இல்லாமல், பூசை சாமான் மாதிரி துடைத்து வைத்திருந்தது.

"இது என்ன?"

"எடைத் தாள் மேடம். விமானத்துல ஒரு ஆணி சேர்ந்தாலும் எழுதணும், ஒரு ஆணி கழண்டாலும் எழுதணும். முன்பக்கம் கொஞ்சம் கனம் கூடினாலும் தலைகுப்புற விழுந்துடும். சின்ன விமானம் பாருங்க."

"யார் எடை போடுறது?"

"நான்தான். இந்தக் கொட்டகையில வேற யாரையும் அதைத் தொட விடமாட்டேன்."

தராசின் முகத்தில் முதன்முறையாக ஒரு உயிர் வந்தது. சொந்த ஊர் ஆளைப் பார்த்த மாதிரி அந்த இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு தம்பியின் விமானத் தாளை ஆணியிலிருந்து எடுத்தார்.

"கடிகாரம் கழட்டினது, நூத்தி அறுபது கிராம் கழிவு. டிரான்ஸ்பாண்டர் மாட்டினது, நானூத்தி முப்பத்தேழு கூடுதல். கம்பி நூத்தி எண்பத்திரண்டு. திருகாணி ஒன்பது." நிமிர்ந்தார். "கம்பியும் ஆணியும் தனியா எழுதிட்டே. அப்ப நானூத்தி முப்பத்தேழு பெட்டி மட்டும்தான்?"

"ஆமா மேடம்."

"புதுசு நானூத்திப் பத்து. புத்தகத்துல போட்டிருக்கு."

மெக்கானிக் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அது... தூசி கீசி..."

"புதுப் பெட்டியில இருபத்தேழு கிராம் தூசியா?" என்றான் வால். "என் தலையிலயே அவ்வளவு இல்லையே!"

தராசு சிரிக்கவில்லை. "உன்னை ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணினவன், இங்கேயும் நானூத்திப் பத்துன்னே எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்லை. ஏன் எழுதலை?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

"எடையில பொய் எழுதினா ஆள் செத்துடுவான் மேடம்," என்றான் மெல்ல.

"அதான். உன் வாய்தான் பொய் சொல்லிச்சு. உன் பென்சில் சொல்லலை." தராசு சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார். "வால், இங்கே இருக்கிற அத்தனை தாளையும் படி. எங்கேயாவது நானூத்தி முப்பத்தேழு கழிச்சிருக்கான்னு பாரு. இவன் கழட்டினதையும் எழுதுறவன்."

வேறு யாராவது படித்திருந்தால் மேலோட்டமாகத் தாண்டியிருப்பார்கள். வால் ஒவ்வொரு தாளாக விரலை வைத்து, வாயை அசைத்து, ஒரு எண்ணையும் விடாமல் போனான். அக்கா அவன் பின்னாலேயே போனாள். கடைசி ஆணிக்கும் அப்பால், தார்ப்பாய் போர்த்திய மூலையில், இன்னொரு ஆணி இருந்தது.

"நா...னூத்தி... முப்பத்தேழு," என்றான் வால். "முன்னாடி கழித்தல் குறி. தேதி ரெண்டு வாரம் முன்னாடி."

அக்கா தார்ப்பாயை இழுத்தாள். உள்ளே மஞ்சள் நிற விமானம் ஒன்று, இரண்டு இறக்கையும் இல்லாமல், அடுப்பில் வைத்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது. முன்பலகையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெற்று ஓட்டை.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அதோட சொந்தக்காரர் வெளிநாட்டுல இருக்கார் மேடம். இறங்குறப்ப இறக்கை முறிஞ்சுது, ஒரு வருஷமா சும்மா கிடக்கு. தம்பி வந்து காலைப் பிடிக்காத குறையாக் கேட்டான். ஒண்ணாம் தேதிக்குள்ள பெட்டி இல்லைன்னா மருந்து ஏத்துற வேலை வேற ஆளுக்குப் போயிடும்னான். அவர்கிட்ட கேக்காம கழட்டினேன். கழட்டினேன்னு சொன்னா தம்பி ஒத்துக்க மாட்டான். அதான் புதுசுன்னு சொல்லிட்டேன். அந்த இருபத்தேழு கிராம், அவர் சொந்தமா அடிச்சுப் பெட்டியில ஒட்டின ஒரு தகடு. பிரிக்க வரலை, அப்படியே மாட்டிட்டேன்."

அக்கா அவன் சட்டையைப் பிடித்தாள். தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கை. பட்டன் ஒன்று தெறித்து எங்கோ உருண்டது.

"இந்தப் பிணத்துல இருந்து பிடுங்கித்தான் என் தம்பிக்கு மாட்டினியா? ஊமைப் பெட்டியை மாட்டிட்டு, புதுசுன்னு கையெழுத்து வேற போட்டியா? அந்தக் கையெழுத்தை வச்சுத்தானடா அவனைத் திருடன்னு சொல்றாங்க!"

"ஊமை இல்லை அக்கா! சத்தியமா ஊமை இல்லை!" அவன் குரல் உடைந்தது. "மாட்டினதும் சோதிச்சேன். கையில வச்சுப் பார்க்கிற கருவி இருக்கு, பச்சை விளக்கு எரிஞ்சுது. பேசுச்சு அக்கா. நல்லாப் பேசுச்சு."

அக்காவின் பிடி தளர்ந்தது. அதுதான் மோசம். பெட்டி கெட்டிருந்தால் தம்பி நல்லவன். பெட்டி நன்றாகப் பேசியிருந்தால், அதிகாரி சொன்னதுதான் நிஜம். தம்பிதான் அதை அணைத்திருக்கிறான். ஒன்றில் ஆள் போனான், மற்றதில் பேரும் சேர்ந்து போயிற்று.

"வாங்க போகலாம்," என்றாள் யாரையும் பார்க்காமல். "இவ்வளவுதான் போல."

மணி ஐந்து பத்து. தகரக் கூரையின் ஓட்டை வழியே வந்த வெயில் இறக்கையில்லாத மஞ்சள் விமானத்தின் மேல் சாய்ந்து விழுந்தது. தராசு அசையவில்லை. பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார்.

"பேசுச்சுங்கிறே."

"ஆமா மேடம்."

"என்ன பேர் சொல்லிச்சு?"

"என்ன?"

"நான் இன்ன விமானம்னு கத்துற பெட்டிதானே? எந்த விமானம்னு கத்துச்சு?"

மெக்கானிக்கின் காதிலிருந்து பென்சில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"இதுல போட்டிருக்கு," என்று படிவத்தை நீட்டினார் தராசு. "ஆர்டர் கொடுத்தா விமானத்தோட எண்ணை உள்ளே பதிச்சே அனுப்புறாங்க. நீ இந்த மாசம் எத்தனை மாட்டினே?"

"முப்பது... முப்பத்திரண்டு."

"எத்தனைக்கு நீ எண் பதிச்சே?"

"ஒண்ணுக்குக்கூட இல்லை," என்றான் அவன், தூக்கத்தில் பேசுகிறவன் போல. "எல்லாம் பதிச்சேதான் வரும். மாட்டுவேன், பச்சை விளக்கைப் பார்ப்பேன், அடுத்ததுக்குப் போயிடுவேன். கருவியில கீழே பொடி எழுத்துல பேர் வரும். நான் அதைப் பார்க்கிறதையே விட்டுட்டேன். பார்க்கவே இல்லை மேடம். அதுல இன்னும் இந்த மஞ்சள் வண்டியோட எண்தான்..."

தராசு அதற்குள் அக்காவின் தொலைபேசியை வாங்கி, ஒலிபெருக்கியைப் போட்டு, தேடுதல் அதிகாரியை அழைத்திருந்தார்.

"மறுபடியும் நீங்களா?" என்றார் அதிகாரி. "ஏம்மா, நான்தான் சொல்லிட்டேனே."

"ஒரே ஒரு எண்ணைத் தேடுங்க. வேற விமானம். மஞ்சள் நிறம்." மெக்கானிக் எண்ணைச் சொல்ல, தராசு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "மூணு நாளைக்கு முன்னாடி அது எங்கே இருந்துச்சுன்னு பாருங்க."

"அதுக்கு இறக்கையே கிடையாதுன்னு இங்கே போட்டிருக்கே. ஒரு வருஷமா பறக்காத வண்டி."

"எனக்கும் தெரியும். அதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன். பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

"சார்?"

"கிளம்பியிருக்கு," என்றார் அதிகாரி. அவர் குரலில் சலிப்பு காணாமல் போயிருந்தது. "காலையில ஒன்பது பன்னண்டுக்கு, உங்க ஓடுபாதையில இருந்து கிளம்பியிருக்கு. வடக்கே போயிட்டு... மேகமா இருந்திருக்கும், கிழக்குக் கணவாய்ப் பக்கம் திரும்பியிருக்கு. பத்து மணி நாலு நிமிஷத்துக்குத் தாழ்ந்து தாழ்ந்து வந்து... நின்னிருக்கு. கணவாய்க்கு அந்தப் பக்கம். ஐயோ, நாங்க மூணு நாளா வடக்குல தேடிட்டிருக்கோம்."

அக்கா தராசின் கையைப் பற்றிக்கொண்டாள். "என் தம்பி கத்திக்கிட்டுத்தான் போயிருக்கான்," என்றாள். "வேற பேர்ல."

"அதோட முடிஞ்சுதா?" என்றார் தராசு.

"முடியலை. நேத்து மத்தியானம் ஒருதரம். மூணு நிமிஷம். இன்னிக்குக் காலையில ஒருதரம், ரெண்டு நிமிஷம். அதே இடம்."

"விழுந்து கிடக்கிற பெட்டி தானா ரெண்டு நிமிஷம் பேசிட்டு நிறுத்துமா?"

"நிறுத்தாது," என்றான் மெக்கானிக். எழுந்து நின்றுவிட்டான். "ஆள் சுவிட்சைப் போட்டாத்தான் பேசும். பாட்டரியை மிச்சம் பிடிச்சு, விமானச் சத்தம் கேக்கிறப்ப மட்டும் போடுறான். அக்கா, அவன் உயிரோட இருக்கான்!"

வால் இரண்டு கையையும் தூக்கினான். தராசு அவனை ஒரு பார்வையில் நிறுத்தினார். தொலைபேசியில் அதிகாரி இன்னும் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருந்தார்.

"அந்தச் சத்தம் யாருக்குக் கேட்டுச்சு சார்?"

"எங்க ஹெலிகாப்டருக்குத்தான். எண்ணெய் போட வந்துட்டுப் போறப்ப கணவாய் ஓரமாப் போகும். அதுல இருக்கிற கருவி வாங்கியிருக்கு."

"அப்ப ஏன் போய்ப் பார்க்கலை?"

அதிகாரி அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பக்கத்துல இன்னொரு விமானம் இருந்தா முட்டாம இருக்க அந்தக் கருவி எச்சரிக்கும் மேடம். எச்சரிச்சா விலகிப் போகணும். அதான் விதி. ரெண்டு தடவையும், மஞ்சள் விமானம் வருதுன்னு நினைச்சு... விலகிப் போயிட்டாங்க."

கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முறிந்த விமானத்துக்குப் பக்கத்தில் ஒருவன் சுவிட்சைப் போடுகிறான். வந்துகொண்டிருந்த சத்தம் திரும்பிப் போகிறது. மறுநாள் போடுகிறான், மறுபடி திரும்பிப் போகிறது.

"அனுப்புங்க," என்றார் தராசு.

"அனுப்பிட்டேன். நாப்பது நிமிஷம் ஆகும். இணைப்பைத் துண்டிக்காதீங்க."

நாற்பது நிமிடத்தில் மெக்கானிக் ஒரு வேலையும் செய்யவில்லை. வால் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. அக்கா மஞ்சள் விமானத்தின் படியில் உட்கார்ந்து அங்குஸ்தானை உருட்டிக்கொண்டே இருந்தாள். கூரை ஓட்டையின் வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறிச் சிவந்தது.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அதிகாரி பேசினார். "வந்துட்டாங்க. கணவாய் தாண்டிட்டாங்க. ஆனா சத்தம் இல்லை மேடம். கருவியில ஒண்ணுமே வரலை. பாட்டரி போயிருக்கும். இல்லைன்னா..."

"இல்லைன்னா வேண்டாம்," என்றார் தராசு. கண்ணை மூடித் திறந்தார். "பாட்டரி போகலை. ரெண்டு தடவை கூப்பிட்டாரு, ரெண்டு தடவையும் நீங்க ஓடிட்டீங்க. கூப்பிட்டா ஓடுறவங்களை மூணாவது தடவை யார் கூப்பிடுவா? இந்தத் தடவை சத்தம் போடக் கூடாதுன்னு சுவிட்சைத் தொடாமப் பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாரு. கண்ணால தேடச் சொல்லுங்க."

"எதைத் தேடுறது மேடம்? பச்சைக் காடு. விமானமும் பச்சை. கணவாய்க்குள்ள இருட்டு இறங்கியாச்சு. இன்னும் பத்து நிமிஷம்தான் அவங்களால நிக்க முடியும்."

அக்கா எழுந்து வந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பச்சையைத் தேடாதீங்க. வெள்ளியைத் தேடச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"இறக்கைத் துணியை வெயில் அரிக்கக் கூடாதுன்னு பச்சைக்கு அடியில வெள்ளிப்பூச்சு பூசியிருக்கேன். அவனுக்குத் தெரியும், டப்பாவைக் கலக்கிக் கொடுத்ததே அவன்தான். அந்தப் பச்சையைச் சுரண்டினா, கிழிச்சுப் பிரிச்சா, உள்ளே வெள்ளி பளபளக்கும். பெட்டி கைவிட்டுட்டா அவனுக்கு அங்கே வேற என்ன இருக்கு? நான் தைச்சதுதானே இருக்கு. அதைத்தான் எடுத்திருப்பான்."

"எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா..."

"நான் அவன் அக்கா. சொல்லுங்க அவங்ககிட்ட!"

அதிகாரி சொன்னார். தொலைபேசிக்குள் இன்னொரு கருவியின் கரகரப்பு கேட்டது. காற்றாடிச் சத்தம், யாரோ திசைகளைச் சொல்லும் சத்தம். ஆறு ஐந்து. ஆறு எட்டு. வலதுபக்கம் ஒன்றுமில்லை என்றது கரகரப்பு. ஓடைக்கரையில் ஒன்றுமில்லை என்றது. எண்ணெய் குறைகிறது, திரும்பப் போகிறோம் என்றது.

"ஒரு சுத்து," என்றாள் அக்கா தொலைபேசியிடம். "இன்னும் ஒரே ஒரு சுத்து."

ஆறு பன்னிரண்டு.

"...பாறைக்குக் கீழே ஏதோ மின்னுது," என்றது கரகரப்பு. "தண்ணி மாதிரி. இல்லை. தண்ணி இல்லை. நீளமா ரெண்டு பட்டை. குறுக்கா வச்சிருக்கு. பக்கத்துல ஆள். உட்கார்ந்திருக்கார். கை ஆட்டுறார். ஒரு கைதான் ஆட்டுறார். ஆனா நல்லா ஆட்டுறார்."

வால் எடை இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முள் கடைசிவரை ஓடி முட்டி நின்றது. யாரும் அவனை எழுப்பவில்லை.

"அம்மா," என்றார் அதிகாரி. "ரெண்டு இறக்கையையும் மொத்தமாக் கிழிச்சுட்டார்மா."

"கிழிக்கட்டும்," என்றாள் அக்கா. அங்குஸ்தானை விரலில் மாட்டினாள். இந்தமுறை கழற்றவில்லை. "தைக்கத்தான் நான் இருக்கேன்ல."

பிறகு திரும்பி, சுவரில் முகம் புதைத்து நின்ற மெக்கானிக்கைப் பார்த்தாள். தரையில் கிடந்த பென்சிலை எடுத்து அவன் காதில் செருகினாள்.

"அழுவாதே. அந்த முப்பத்திரண்டு பேரையும் திரும்ப வரச்சொல்லு. இந்தப் பதினொண்ணையும் சேர்த்துக்கோ. ஒவ்வொண்ணும் யார் பேரைச் சொல்லுதுன்னு, அந்தப் பொடி எழுத்தைப் படி." வாலைக் காட்டினாள். "இவரை மாதிரி படி."